டியூப் வழியாக உணவு கொடுக்கும்போது செரிமானத்தில் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுங்க முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. டாக்டரோ டயட்டீஷியனோ எழுதித் தந்த அளவு இதிலிருந்து மாறினால், எழுதித் தந்தபடியே செய்யுங்கள். ஏன் மாறியது என்று அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

டியூப்பில் போகும் உணவு ஒழுங்காகச் செரிக்குமா?

செரிக்கும். இரைப்பையில் முடியும் டியூப் தாண்டிப் போவது வாய், தொண்டை, உணவுக்குழாய் இந்த மூன்றை மட்டும்தான். இவற்றில் உணவுச் சத்து உறிஞ்சப்படுவது கிட்டத்தட்ட இல்லை. இரைப்பை, கணையம், பித்தப்பை, சிறுகுடல் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும்.

ஆனால் டியூப்பின் நுனி உள்ளே எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து மற்ற எல்லாமே மாறும்: கொடுக்கும் வேகம், ஒரு வேளை அளவு, எந்த மாத்திரை போகலாம், வயிறு போனால் எதைச் சந்தேகிப்பது எல்லாம். வெளியிலிருந்து பார்த்தால் இரைப்பைக்குப் போகும் டியூப்பும் சிறுகுடலுக்குப் போகும் டியூப்பும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது "நுனி இரைப்பையிலா, சிறுகுடலிலா?" என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரு வரியை வைத்துத்தான் பதில்.

வாயால் சாப்பிடும்போது உணவு எப்படிச் செரிக்கிறது?

வாயில் மெல்லும்போதே உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும். அங்கே நடப்பது கொஞ்சம்தான். பெரிய வேலை பின்னால் இருக்கிறது.

இரைப்பையின் மேல்பகுதி உணவு வர வர விரிந்து கொடுத்துச் சேமித்து வைக்கும். கீழ்ப்பகுதி கடைந்து அரைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்வதோடு புரோட்டீனின் மடிப்புகளைப் பிரித்துவிடும். பெப்சின் அதை வெட்டத் தொடங்கும். 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைபட்ட துகள்தான் பொதுவாக இரைப்பையின் கீழ்வாசலைத் தாண்டும். திரவம் அதற்காகக் காத்திருக்காது, சீக்கிரம் வெளியேறிவிடும். அதிலும் கொழுப்பும் கலோரியும் அதிகமாக இருந்தால் சிறுகுடல் "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்கு ஹார்மோன் வழியாகத் தகவல் கொடுக்கும்.

உண்மையான செரிமானம் சிறுகுடலின் முதல் சுமார் 25 செ.மீ. நீளத்தில், முன்சிறுகுடலில் சூடுபிடிக்கிறது. இரைப்பையிலிருந்து அமிலம் வந்து விழுந்ததும் சீக்ரெட்டின் என்ற ஹார்மோன் சுரக்கும்; கணையம் பைகார்பனேட்டை அனுப்பி அமிலத்தைத் தணிக்கும். கொழுப்பும் புரோட்டீனும் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கும். பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் கொட்டும், கணையம் என்சைம்களை அனுப்பும். உணவும் இந்தச் சாறுகளும் ஒன்றாகக் கலப்பது முக்கியம். கலக்காமல் போனால் என்சைம் இருந்தும் பயன் இல்லை.

எந்தச் சத்து எங்கே உறிஞ்சப்படுகிறது?

பெரும்பகுதி சிறுகுடலில். அதன் உட்சுவரில் மடிப்புகள், மடிப்புகளின் மேல் விரல்போன்ற குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் மேல் இன்னும் நுண்ணிய முடிகள் என்று அடுக்கடுக்காகப் பரப்பு கூடிக்கொண்டே போகும். இந்தச் செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் உதிர்ந்து புதிதாகும்.

மாவுச்சத்தும் சர்க்கரையும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கேலக்டோஸ் என்று ஒற்றைச் சர்க்கரையாக உடைந்த பிறகே உள்ளே போக முடியும். குளுக்கோஸ் சோடியத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுப்பது இந்த அடிப்படையில்தான். புரோட்டீனுக்கு அவ்வளவு கட்டாயம் கிடையாது. அமினோ அமிலமாகவும் போகும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டாகவும் போகும். 'பெப்டைட் ஃபார்முலா' என்று விற்கப்படும் திரவ உணவு இந்தச் சிறு துண்டுகளை நம்பித்தான் தயாரிக்கப்படுகிறது.

கொழுப்புக்குத்தான் சுற்றுவழி. பித்த உப்புகள் அதை நுண்துளிகளாகப் பிரிக்கும், லைப்பேஸ் உடைக்கும், குடல் செல் உள்ளே வாங்கி மறுபடி கட்டிப் பொட்டலமாக்கி நிணநீர்க் குழாயில் ஏற்றும். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நடுச்சங்கிலிக் கொழுப்பு (எம்.சி.டி.) இந்தச் சுற்றையெல்லாம் பெரும்பாலும் தவிர்த்து நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் கலந்துவிடும். கணையமோ பித்தநீரோ குறைவாக உள்ளவர்களுக்கு எம்.சி.டி. உள்ள ஃபார்முலா தருவது அதனால்தான்.

இரும்பு, கால்சியம், தாமிரம் முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் அதிகம் ஏறும். பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும். அதுவும் இரைப்பை சுரக்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' கூட ஒட்டிக்கொண்டால்தான். பித்த உப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் அதே கடைசிப் பகுதியில் திரும்ப எடுக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பித்த உப்பு பெருங்குடலுக்குப் போய் எரிச்சலூட்டி வயிறு போகும். அப்போது ஃபீடை (டியூப்பில் விடும் உணவை) குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஒரு நாளைக்குக் குடிப்பது 2 லிட்டர் என்றால், உடம்பே சுரக்கும் சாறுகள் சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பங்கைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொண்டு 1 முதல் 1.5 லிட்டரைப் பெருங்குடலுக்கு அனுப்பும். மலத்தில் போவது 100 முதல் 200 மி.லி. தான். உறிஞ்சுவதில் சின்னக் குளறுபடி வந்தாலே மலம் ஏன் தண்ணீராகப் போகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

வாயைத் தவிர்ப்பதால் ஒன்றுமே இழப்பில்லையா?

உண்டு. உணவைப் பார்ப்பது, முகர்வது, மெல்வது, ருசிப்பது எல்லாம் மூளை வழியாக இரைப்பைக்கும் கணையத்துக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கும். உணவுக்குழாயை வெளியே திருப்பிவிட்ட நாய்களிடம் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இதைக் காட்டினார்: விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகவே இல்லை, ஆனாலும் இரைப்பைச் சாறு பெருகியது. செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். டியூப்பில் கொடுக்கும்போது இந்த முன்னறிவிப்புதான் விட்டுப்போகிறது. உணவு இரைப்பையில் விழுந்த பிறகு மற்ற ஏற்பாடுகள் தொடங்குவதால் செரிமானம் நின்றுவிடாது. ஆனால் வேகமாகக் கொட்டினால் தாங்கும் சக்தி குறைவு.

இதைவிட முக்கியமானது வாய்ச் சுத்தம். மெல்லாதவருக்கு உமிழ்நீர் ஓட்டம் குறையும், நாக்கில் மாவு படியும், கிருமி பெருகும். அந்த உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் நிமோனியா வரும். டியூப் போட்டால் நிமோனியா வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபீட் ஒரு சொட்டுகூட மேலே வராமலேயே வரலாம். வாயால் எதுவும் சாப்பிடாவிட்டாலும் பல்லையும் நாக்கையும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள்.

இரைப்பை டியூப், சிறுகுடல் டியூப்: நடைமுறையில் என்ன வித்தியாசம்?

இரைப்பையில் முடிவது (மூக்கு வழி ரைல்ஸ் டியூப், வயிற்றில் துளையிட்டு வைக்கும் பெக் டியூப்) இயற்கைக்குக் கிட்டத்தில் இருக்கும். இரைப்பை விரிந்து கொடுக்கும், அமிலம் கிருமியைக் கட்டுப்படுத்தும், கீழ்வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடும். ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.லி. என்று மொத்தமாகக் கொடுக்க முடிவது அதனால்தான்.

சிறுகுடலில் முடியும் டியூப்பை, இரைப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்கும் விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்கும் மேல்வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் வைப்பார்கள். அங்கே சேமிக்கும் பை கிடையாது. 300 மி.லி.யை ஒரே மூச்சில் தள்ளினால் குடல் தன் பக்கத்திலிருந்து தண்ணீரைக் கொட்டி அந்த அடர்த்தியைக் கரைக்கப் பார்க்கும்: வயிற்றைப் பிசையும், படபடக்கும், வியர்க்கும், பிறகு வயிறு போகும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். அதனால் சிறுகுடலுக்கு எப்போதும் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாகத்தான். மணிக்கு 10 முதல் 20 மி.லி.யில் ஆரம்பித்து, தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள். பெரும்பாலும் மணிக்கு 125 மி.லி.யைத் தாண்டுவதில்லை.

இரைப்பையைத் தாண்டிவிட்டால் கணையம் எப்படி விழித்துக்கொள்ளும் என்று கேட்கலாம். 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் நரம்புகளைத் துண்டித்த குடல் துண்டில் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடலே ரத்தம் வழியாக ஆள் அனுப்புகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பொருளுக்குத்தான் சீக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். குடலின் இந்தப் பதில் இருப்பதால்தான் சிறுகுடலில் நேராக விட்டாலும் சாதாரண ஃபார்முலாவே பலருக்கு ஒத்துக்கொள்கிறது. எடை ஏறாமல், மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால் பெப்டைட் வகைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். முதல் நாளிலிருந்தே விலை கூடிய வகை தேவை என்பது கிடையாது.

இன்னொன்று: முன்சிறுகுடலைத் தாண்டி வெகுநாள் கொடுத்தால் தாமிரக் குறை வரலாம். ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் சேர்ந்து வந்து, இரும்பு கொடுத்தும் ஏறவில்லை என்றால் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லலாம்.

ட்ரிப்ஸ் ஏற்றினால் போதாதா? குடலுக்கு ஓய்வாக இருக்குமே?

சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் பாட்டிலில் 200 கிலோகலோரிகூட இல்லை. புரோட்டீன் சுத்தமாக இல்லை. ரத்தக்குழாய் வழியாக முழுச் சத்தையும் ஏற்றும் முறை தனியாக இருக்கிறது, ஆனால் அது குடல் வேலை செய்யாதவர்களுக்கு. வேலை செய்யும் குடலைச் சும்மா போட்டால் குடலுறிஞ்சிகள் குட்டையாகிச் சுவர் மெலியும். ஓய்வு அதற்கு நல்லது செய்வதில்லை.

மூக்கு வழி டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரேதான் உறுதியான வழி. அதன்பின் மூக்குத் துவாரத்தில் டியூப்பின் மேல் எத்தனை செ.மீ. குறி தெரிகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபீடுக்கும் முன் ஒப்பிடுங்கள். சிரிஞ்சில் சில மி.லி. இழுத்து, அமிலம் காட்டும் பட்டைத்தாளில் ஒரு சொட்டு விட்டால் பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கும், ஃபீட் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும் அதற்கு மேலே காட்டலாம். ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிரிஞ்சால் காற்றை அடித்துவிட்டு வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. நுரையீரலுக்குள் இருக்கும் டியூப்பில் அடித்தாலும் அதே குமிழிச் சத்தம் வயிற்றில் கேட்கும். அதை நம்பி ஃபீட் கொடுக்கக் கூடாது.

இருமல், மூச்சுத்திணறல், குரல் மாறுதல், வாந்தி எடுத்த பிறகு டியூப் வாயில் சுருண்டு தெரிவது: இவற்றில் எதுவாக இருந்தாலும் ஃபீடை உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு?

நிலையாக இருக்கும் பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கிலோகலோரி, புரோட்டீன் 1 முதல் 1.5 கிராம், தண்ணீர் 30 முதல் 35 மி.லி. என்பது தொடக்கக் கணக்கு. இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1,500 கிலோகலோரி தேவை. ஒரு மி.லி.க்கு 1 கிலோகலோரி உள்ள ஃபார்முலா என்றால் 1,500 மி.லி.; 300 மி.லி. வீதம் ஐந்து வேளை. தண்ணீர் 1,800 மி.லி. தேவை. இந்த வகை ஃபார்முலாவில் சுமார் 85 சதவீதம் தண்ணீர், ஆக 1,275 மி.லி. அதிலேயே வந்துவிடும். மீதி 525. ஒவ்வொரு ஃபீடுக்கும் முன்னால் 30, பின்னால் 30 என்று கழுவிவிடுவதில் 300 மி.லி. போகும். இன்னும் 225 மி.லி.யை மருந்தோடும் இடைவேளையிலும் பிரித்துக் கொடுக்க வேண்டும். மி.லி.க்கு 2 கிலோகலோரி உள்ள அடர்த்தியான வகைக்கு மாறினால் அதில் தண்ணீர் சுமார் 70 சதவீதம்தான், ஃபீடின் அளவும் பாதியாகிவிடும். தண்ணீரைத் தனியாகக் கூட்டாவிட்டால் சிறுநீர் அடர்ந்து, ஆள் மந்தமாகிவிடுவார். வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

ஒரு வேளை ஃபீடை 15 நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் 30 நிமிடம் எடுத்து விடுங்கள். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, குழலை உயரமாகப் பிடித்துத் தானாக இறங்க விடுவதே நல்லது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி வயிறு நசுங்கும். இடுப்பிலிருந்து மேலே முழுவதும் சாய்வாக இருப்பதுதான் கணக்கு.

பல நாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு ஏன் இவ்வளவு குறைவாக ஆரம்பிக்கிறார்கள்?

பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்து ஓடும். திடீரென்று சர்க்கரை வந்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சரியும்போது இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். தயமினும் (வைட்டமின் பி1) தீர்ந்துபோய் மூளை பாதிக்கலாம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முதல் நாளில் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் போகாமல், மிக மோசமாக மெலிந்தவருக்கு 5 என்று தொடங்கி, நாலு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு ஏற்றுவார்கள். முதல் ஃபீடுக்கு முன்பே தயமின் கொடுப்பார்கள், தினமும் ரத்தம் எடுப்பார்கள். "பாவம், இன்னும் கொஞ்சம் கொடுங்களேன்" என்று கேட்பது அன்புதான். இந்த வாரத்தில் மட்டும் வேண்டாம்.

வயிறு போகிறது. ஃபீடை நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். குற்றவாளி ஃபீடைவிட மருந்தாக இருப்பதே அதிகம். பல சிரப்புகளில் இனிப்புக்காக சார்பிடால் சேர்க்கிறார்கள். குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண ஃபார்முலாவின் அடர்த்தி கிலோவுக்கு சுமார் 300 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை அளக்கும் அலகு). பொட்டாசியம் சிரப் போன்ற சில திரவ மருந்துகள் 1,000ஐ எளிதாகத் தாண்டும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யாமல் சிறுகுடலுக்கு நேராக விட்டால் வயிறு போகாமல் என்ன செய்யும்? மக்னீசியம் உள்ள அமிலமுறி மருந்தும் இந்த வரிசையில் வரும். ஆன்டிபயாட்டிக் எடுத்தவருக்குக் காய்ச்சலோடு நாற்றமடிக்கும் போக்கு என்றால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் கிருமிக்குச் சோதனை வேண்டும். அது தெரியாமல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போடக் கூடாது.

அடுத்தது சுத்தம். பொடியைக் கரைத்துத் தொங்கவிட்ட ஃபீடை அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வரைதான் வைக்கலாம். அடைத்து வந்த திரவத்தைப் பையில் ஊற்றினால் 8 மணி நேரம். பிரிக்காமல் அப்படியே மாட்டும் பை 24 மணி நேரம். மீதியிருக்கும் பழைய ஃபீடின் மேலேயே புதியதை ஊற்றுவது கூடாது. ஃபீட் இறங்கும் செட்டை (பை, குழாய்) தினமும் மாற்ற வேண்டும். சிறுகுடல் டியூப்பில் அமிலக் காவல் கிடையாது, அங்கே இந்த விதிகளில் தளர்வே இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் போனால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஃபார்முலாவில் தண்ணீர் கலந்து நீர்க்க விடுவது தீர்வாகாது. கலோரி குறையும், கிருமி சேரும்.

மலச்சிக்கலுக்கு?

தண்ணீர்க் கணக்கை மறுபடி போடுங்கள், நார்ச்சத்து உள்ள ஃபார்முலாவைக் கேளுங்கள், வலி மாத்திரையில் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற வகை) இருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றுப்போக்காக இருக்க வேண்டும் என்றில்லை. இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் கசிவாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் இரைப்பையில் மீதம் எவ்வளவு என்று இழுத்துப் பார்க்க வேண்டுமா?

முன்பு கட்டாயமாக இருந்தது. இழுக்கும் அளவை வைத்து யாருக்கு மூச்சுக்குழாய்க்குள் ஏறும் என்று கணிக்க முடிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வழக்கமாக அளக்க வேண்டாம் என்றும், அளந்தாலும் 500 மி.லி.க்குக் கீழே வேறு அறிகுறி இல்லாமல் நிறுத்த வேண்டாம் என்றும் 2016இல் அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னது. வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, குமட்டல், வாந்தி, வலி: பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

மாத்திரையை எல்லாம் பொடித்துக் கொடுத்துவிடலாமா?

கூடாது. நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தால் ஆள் மயங்கி விழலாம். அமிலத்தில் கெடாமல் இருக்கப் பூச்சு போட்ட வகையைப் பொடித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நுனி எங்கே என்பது இங்கும் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் நன்றாக உறிஞ்சப்படும். நுனி அதைத் தாண்டியிருந்தால் ரத்தத்தில் போதிய அளவு ஏறாது. தவிர அது ஃபார்முலாவில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். வலிப்புக்கான ஃபெனிடாயின் ஃபீடோடு சேர்ந்தால் உறிஞ்சப்படுவது குறைந்து வலிப்பு திரும்பலாம். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபீடை நிறுத்துவது வழக்கம். தைராய்டு மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும். நிறுத்திய நேரத்துக்கு ஈடாக ஃபீடின் வேகத்தைக் கூட்ட மறந்தால் நாளடைவில் கலோரி குறையும்.

கொடுக்கும் முறை: ஃபீடை நிறுத்தி, 15 முதல் 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். மாத்திரையை மாவாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து விடுங்கள். மறுபடி 15 மி.லி. அடுத்த மருந்து. கடைசியில் 30 மி.லி. இரண்டு மாத்திரைகளை ஒன்றாகப் பொடிக்காதீர்கள், ஃபீடில் கலக்காதீர்கள்.

டியூப் அடைத்துக்கொண்டது. என்ன செய்வது?

அடைப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி தடுத்துவிடலாம். ஃபீடில் இருக்கும் பால் புரோட்டீன் அமிலம் பட்டால் திரிந்துவிடும். டியூப்பில் ஃபீட் மிச்சமிருக்கும்போது கழுவாமல் சிரிஞ்சால் இழுத்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறி, உள்ளேயே கட்டி கட்டியாகத் திரியும். 8 ஃபிரெஞ்ச் டியூப்பின் வெளிவிட்டமே 2.7 மி.மீ.தான் (ஒரு ஃபிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு மி.மீ.), உள்துவாரம் அதைவிடக் குறுகல். சரியாகப் பொடியாத ஒரு மாத்திரைத் துணுக்கு போதும்.

50 அல்லது 60 மி.லி. சிரிஞ்சில் முதலில் இழுத்துப் பாருங்கள், உள்ளே நிற்பதை எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லத் தள்ளுவதும் இழுப்பதுமாக ஒரு நிமிடம் செய்துவிட்டு, கிளாம்ப் போட்டு 10 முதல் 20 நிமிடம் ஊற விடுங்கள். மறுபடி செய்யுங்கள். அசையாவிட்டால் கணைய என்சைமும் பைகார்பனேட்டும் கலந்த கரைசலை ஆஸ்பத்திரியில் விடுவார்கள். சின்ன சிரிஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். அழுத்தம் பல மடங்காகி டியூப் உள்ளேயே கிழியும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. கோலா பானம் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அதுவும் அமிலம்தான், பால் புரோட்டீனை இன்னும் இறுக்கிவிடும்.

வீட்டுச் சாப்பாட்டை அரைத்து விடலாமா?

பெக் டியூப், 14 ஃபிரெஞ்ச் அல்லது அதற்கு மேல், நுனி இரைப்பையில், புண் ஆறியிருக்கிறது என்றால் டயட்டீஷியன் போட்டுத் தந்த கணக்கோடு செய்யலாம். வடிகட்ட வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இறங்குவதற்காகத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கரைத்தால் கலோரி பாதியாகிவிடும். வயிறு நிறையும், எடை இறங்கும். சிறுகுடல் டியூப்புக்கும் மெல்லிய மூக்கு டியூப்புக்கும் இது வேண்டாம்.

பெக் டியூப் பராமரிப்பில் கவனிக்க வேண்டியது என்ன? கழன்று வந்துவிட்டால்?

முழு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறப்பதற்குப் பதிலாக, எண்டோஸ்கோப் (வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) உதவியோடு வைக்கும் இந்த முறை 1979இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. மூக்கு டியூப் 4 முதல் 6 வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் பெக் பற்றிப் பேசுவார்கள்.

புண் ஆறிய பிறகு டாக்டர் சொன்னபடி டியூப்பை லேசாக உள்ளே தள்ளி, ஒரு முழுச் சுற்று சுற்றி, பழைய குறிக்கே இழுத்து விடுங்கள். செய்யாமல் விட்டால், டியூப்பை உள்ளே பிடித்து நிறுத்தும் உள்தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துவிடும். ஆனால் பெக் வழியாகச் சிறுகுடலுக்கு நீட்டிய டியூப் என்றால் சுற்றவே கூடாது. உள்ளே இருக்கும் நீட்சி சுருண்டு இரைப்பைக்கே திரும்பிவிடும்.

கழன்று வந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், உடனே கிளம்புங்கள். கழன்ற டியூப்பையும் எடுத்துப் போங்கள். அளவு அதில் அச்சிட்டிருக்கும். பெக் வைத்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் நீங்களாக எதையும் உள்ளே நுழைக்காதீர்கள். பாதை இன்னும் ஒட்டியிருக்காது, டியூப் இரைப்பைக்குப் பதில் வயிற்றறைக்குள் போய்விடும். திரும்பப் போட்டதும் இடம் சரிபார்க்காமல் ஃபீட் விடக் கூடாது.

மறுபடி வாயால் சாப்பிட ஆரம்பித்தால் டியூப்பை எப்போது எடுப்பார்கள்?

விழுங்குவதைப் பேச்சு மற்றும் விழுங்கல் நிபுணர் சோதித்து, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகே வாயால் தொடங்க வேண்டும். பகலில் பசி எடுக்கட்டும் என்று ஃபீடை இரவுக்கு மாற்றுவார்கள், அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கொடுப்பார்கள். சாப்பிட்ட ஒவ்வொரு கரண்டியையும் எழுதி வையுங்கள்; "நன்றாகச் சாப்பிட்டார்" என்ற வார்த்தையிலிருந்து டயட்டீஷியனால் கலோரி போட முடியாது. தேவையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ சில நாள் தொடர்ந்து வாயாலேயே போய், எடையும் நின்றால் டியூப்பை எடுப்பது பற்றிப் பேசுவார்கள். அதுவரை டியூப்பில் எதுவும் விடாத நாளிலும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.